பச்சைச் சீட்டில் எழுதிய எண்

பெட்டியைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. உள்ளே ஏதோ நரநரவென்றது. வெளிநாட்டில் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கேமரா லென்ஸ், மூன்று வாரம் காத்திருந்து வந்தது. பிரித்துப் பார்த்தால் முன்கண்ணாடியில் விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரு விரிசல். உதிர்ந்த தூள் குழலுக்குள் போய்விட்டதால் ஃபோகஸ் வளையம் பாதிச் சுற்றிலேயே முரண்டு பிடித்து நின்றது.

ஆனாலும் அப்போது நான் பெரிதாகக் கலங்கவில்லை. விற்றவர் இன்சூரன்ஸ் போட்டிருந்தார், அதற்கான பணத்தையும் என்னிடம் தனியாக வாங்கியிருந்தார். நான் கொடுத்த விலை 300. எந்த நாணயம் என்பது இங்கே முக்கியமில்லை. 300 போனால் 300 திரும்பி வரும், வேறொரு லென்ஸ் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புகைப்படம் எடுப்பதற்காகப் பெட்டியைத் திருப்பினேன். மேலே ஒட்டியிருந்த சின்னப் பச்சைச் சீட்டில் ‘அன்பளிப்பு’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. மதிப்பு என்ற இடத்தில் நீலப் பேனாவால் 20 என்று எழுதியிருந்தது.

நினைவுக்கு வந்தது. அனுப்புவதற்கு முந்தைய நாள் அவர் கேட்டிருந்தார்: “மதிப்பைக் குறைத்துப் போடட்டுமா? உங்களுக்கு வரி மிச்சமாகும்.” நான் நன்றி சொல்லி ஒரு கும்பிடு பொம்மையும் அனுப்பியிருந்தேன். அதாவது, இந்த 20-ஐ எழுதியது அவர் கை என்றாலும் எழுதச் சொன்னது என் வாய்.

இழப்பீட்டு விண்ணப்பத்தில் இரண்டு தாள்கள் கேட்டார்கள். ஒன்று வாங்கியதற்கான ரசீது, இன்னொன்று சுங்க அறிவிப்பின் நகல். ரசீதில் 300, அறிவிப்பில் 20. 300-தான் உண்மை என்றால் அறிவிப்பு பொய். அறிவிப்பு உண்மை என்றால் 20-க்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை. பதில் இரண்டு வரியில் வந்தது: அறிவித்த மதிப்பு வரைதான் இழப்பீடு. அந்தத் தொகையும் அனுப்பியவருக்குத்தான் போனது, ஏனென்றால் அஞ்சல் நிலையத்தோடு ஒப்பந்தம் அவருடையது. அவர் நேர்மையானவர், எனக்கு அனுப்பி வைத்தார். 20.

வரி வேறு, காப்பீடு வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒன்று அரசாங்கத்தின் விவகாரம், மற்றது வியாபாரம். ஆனால் இருவரும் படிப்பது ஒரே சீட்டில் எழுதிய ஒரே எண்ணைத்தான். சுங்கத்துக்கு முன்னால் சின்னதாகவும் காப்பீட்டுக்கு முன்னால் பெரியதாகவும் நிற்கும் எண் என்று ஒன்று கிடையாது. இந்த 280 நஷ்டத்துக்குப் பிறகு உட்கார்ந்து படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பச்சைச் சீட்டு. அதன் பெயர் சிஎன் 22. மதிப்பு கொஞ்சம் கூடினால் அதற்குப் பதிலாக சிஎன் 23 என்ற முழுப் படிவம். எந்த நாட்டு அஞ்சலில் அனுப்பினாலும் இதே படிவங்கள்தான். 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்தவை. என்ன பொருள், எத்தனை, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு, அன்பளிப்பா, விற்பனையா, மாதிரியா, அவ்வளவுதான் கேட்கும். முன்பெல்லாம் பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான் அதிகாரி அதைக் குனிந்து படிப்பார். 2021 முதல் இந்த விவரங்களை மின்னணு வடிவில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. விமானம் இன்னும் வானத்தில் இருக்கும்போதே நம் 20 சுங்கத்தின் கணினித் திரைக்குப் போய்விடுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த லென்ஸின் சந்தை விலையைத் தேடிப் பார்க்க அரை நிமிடம் போதும். என் பெட்டி மாட்டாமல் வந்தது என் சாமர்த்தியம் இல்லை, அவர்களுக்கு அன்று வேலை அதிகம்.

அன்பளிப்பு என்ற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்குக் காசு வாங்காமல் அனுப்புவதுதான் அன்பளிப்பு. விற்பவர் வாங்குபவருக்கு அனுப்புவது, அதில் வண்ணக் காகிதம் சுற்றியிருந்தாலும், அன்பளிப்பு ஆகாது. அன்பளிப்பென்றால் வரியே இல்லை என்பதும் தவறு. பல நாடுகளில் அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

சரி, சுங்கம் எந்த மதிப்பைப் பார்க்கிறது? உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் சொல்வது எளிது: வாங்கியவர் உண்மையில் கொடுத்த விலை, அல்லது கொடுக்க வேண்டிய விலை. அதிகாரியின் மனதில் தோன்றும் விலை அல்ல, கடை அட்டவணையில் இருக்கும் விலையும் அல்ல. தள்ளுபடியில் வாங்கியிருந்தால் தள்ளுபடி விலைதான் மதிப்பு. ரசீதை மட்டும் வைத்திருக்க வேண்டும். இலவசமாக வந்த பொருளுக்கு மதிப்பு பூஜ்யம் என்றும் நினைக்கக் கூடாது. உடைந்ததற்குப் பதிலாக விற்பவர் வேறொன்றை இனாமாக அனுப்பினாலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு, அதைச் சீட்டில் எழுதத்தான் வேண்டும்.

அடுத்து, அந்த விலையோடு என்னென்ன சேரும் என்பது. இங்கே அந்த ஒப்பந்தம் நாடுகளின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. பெரும்பாலான நாடுகள் பொருளின் விலையோடு அனுப்புக் கூலியையும் காப்பீட்டுக் கட்டணத்தையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மீது வரி போடுகின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்றவை பொருளின் விலையை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. முதல் வகை நாட்டில் இருப்பவர் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கலாம்: பொருள் உடையாமல் இருக்கக் கட்டிய இன்சூரன்ஸ் பணத்துக்கும் வரி உண்டு.

கணக்காகப் போட்டால் இப்படி. பொருள் 100, அனுப்புக் கூலி 20, காப்பீடு 5. மொத்தம் 125. சுங்கத் தீர்வை 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 12.50. இப்போது 137.50. மதிப்புக்கூட்டு வரியோ சரக்கு சேவை வரியோ 20 சதவீதம் என்றால், அதைப் பொதுவாக இந்த 137.50-க்குத்தான் போடுவார்கள், 100-க்கு அல்ல. 27.50. ஆக அரசுக்குப் போவது 40. ‘10-ம் 20-ம் சேர்ந்தால் 30 சதவீதம்’ என்று மனக்கணக்குப் போட்டவர் வாசலில் நின்று திகைப்பது இந்த இடத்தில்தான். வரிக்கு மேல் வரி என்று பலர் கொதிக்கிறார்கள். கொதிப்பு நியாயம்தான், ஆனால் கணக்கில் தவறில்லை. வேறொரு நாணயத்தில் வாங்கியிருந்தால் மாற்று விகிதமும் உங்கள் கார்டு காட்டியது அல்ல, சுங்கம் தனக்கென்று அறிவித்து வைத்திருப்பது.

மன்னர்கள் காலத்திலிருந்தே இது தீராத வழக்கு. சுங்கத்தை நீக்கினான் என்பதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் நிலைத்தது. ஒரு வரியை எடுத்ததற்காக ஆயிரம் ஆண்டு நினைவில் வைத்திருக்கிறோம் என்றால் அது எவ்வளவு கடித்திருக்கும்!

10 சதவீதம் என்று நான் சும்மா சொன்னேன். உண்மையில் விகிதத்தைத் தீர்மானிப்பது பொருளின் பெயர் அல்ல, அதற்குக் கொடுக்கும் எண். ஹெச்எஸ் குறியீடு என்பார்கள். 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு அதைப் பராமரிக்கிறது. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். என் லென்ஸ் 9002.11, அதாவது 90-ஆம் அத்தியாயம், ஒளியியல் கருவிகள். ஃபிலிம் கேமராவும் அதே அத்தியாயத்தில் 9006. ஆனால் டிஜிட்டல் கேமரா 85-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும், மின் கருவிகளோடு 8525. பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு பொருள், வரிப் புத்தகத்தில் வேறு வேறு குடும்பம்.

இதில் நீதிமன்றம் வரை போன ரசமான வழக்குகள் உண்டு. அமெரிக்காவில் அப்போது மனித உருவம் கொண்ட பொம்மைக்கு அதிக வரி, மற்ற விளையாட்டுச் சாமானுக்குக் குறைவு. எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் கதையின் நாயகர்களின் உருவங்களை இறக்குமதி செய்த நிறுவனம், இவர்கள் மனிதர்களே அல்ல என்று வாதாடியது. 2003-இல் அந்நாட்டின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தாங்களும் மனிதர்களே என்று கதை முழுக்கப் போராடும் பாத்திரங்கள், வரிக்காக மனிதப் பட்டம் இழந்தார்கள்.

நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான். சீட்டில் ‘உதிரிபாகம்’, ‘பரிசுப் பொருள்’, ‘சாமான்’ என்று எழுத விடக் கூடாது. ‘கேமரா லென்ஸ், பழையது, 1’ என்று எழுதினால் அதிகாரிக்குச் சரியான எண் கிடைக்கும். மொட்டையாக எழுதினால் அவருக்குத் தோன்றிய எண் கிடைக்கும், அல்லது பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார். பிரித்த பெட்டியைப் பழையபடி பஞ்சு வைத்து மூட அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

சின்னப் பார்சலுக்கு வரியே கிடையாது என்று ஒரு காலத்தில் நண்பர்கள் சொன்னது பொய்யல்ல. பல நாடுகளில் குறைந்தபட்ச மதிப்பு என்று ஒரு வரம்பு இருந்தது, அதற்குக் கீழே வந்தால் கேள்வி இல்லை. அந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் 1000 டாலருக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் சரக்கு சேவை வரியைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சலுக்கும் நிறுத்தி வைத்தார்கள். ஆகவே ‘போன வருஷம் வாங்கினேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்ற நண்பரின் வாக்கை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம். உங்கள் நாட்டுச் சுங்கத்தின் பக்கத்தை ஆர்டர் போடும் அன்று பாருங்கள்.

வரியைத் தவிர இன்னொரு தொகை வரும், அதைத்தான் ஆட்கள் வரி என்று நினைத்துத் திட்டுவார்கள். கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் வரியை முன்பணமாகக் கட்டிவிட்டு, அந்தச் சேவைக்கு ஒரு கட்டணம் வாங்கும். மலிவான பொருளுக்குச் சில நேரம் வரியைவிட இந்தக் கட்டணம் அதிகம். விற்பவரே வரியெல்லாம் கட்டி அனுப்புவது டிடிபி. இடத்துக்குக் கொண்டுவந்து தருவார், வரி உங்கள் பொறுப்பு என்றால் அது டிஏபி. ஆர்டர் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இந்த மூன்றெழுத்து இருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டுப் பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

இப்போது காப்பீடு. இங்கேதான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

கூரியர் படிவத்தில் மதிப்பு கேட்கும் இடம் இரண்டு இருக்கும். ஒன்று சுங்கத்துக்கு, இன்னொன்று அனுப்புதலுக்கு. முதலாவதை நிரப்பிவிட்டால் பொருள் காப்பீட்டில் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இரண்டாவதை நிரப்பினால்கூட அது பெரும்பாலும் காப்பீடு அல்ல, கூரியர் தன் பொறுப்பின் உச்சவரம்பைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வது மட்டுமே. தவறு அவர்கள் பக்கம் இருந்தால் அதுவரைக்கும் தருவார்கள். காப்பீடு என்பது வேறு ஒப்பந்தம், யார் தவறு என்று பார்க்காமல் நஷ்டத்தைப் பார்ப்பது.

இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டால் என்ன கிடைக்கும்? விமானச் சரக்குக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்கு இத்தனை எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஐந்து பெரிய நாணயங்களின் கலவை. தொடக்கத்தில் கிலோவுக்கு 17 என்று இருந்தது, ஏறி ஏறி 2024 டிசம்பர் 28 முதல் 26. அமெரிக்க டாலரில் சுமார் 35. இங்கே பொருளின் விலைக்கு வேலையே இல்லை, எடைதான் பேசும். அரைக் கிலோ லென்ஸுக்குப் பதினேழு, பதினெட்டு டாலர். அரைக் கிலோ செங்கல்லுக்கும் அதுவே வரம்பு. விலைமதிப்பும் எடை குறைவும் சேர்ந்த பொருளை வாங்குபவர்கள், அதாவது லென்ஸ், கைக்கடிகாரம், சிப், பேனா என்று அலைபவர்கள், இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

தனியாகக் காப்பீடு எடுத்தாலும் எதற்கெல்லாம் தர மாட்டார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். தாமதத்துக்குத் தர மாட்டார்கள். சுங்கம் பறிமுதல் செய்தால் தர மாட்டார்கள். பொருளுக்குள்ளேயே இருந்த குறைக்கு, உதாரணமாக லென்ஸுக்குள் முன்பே படர்ந்த பூஞ்சைக்கு, தர மாட்டார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக விண்ணப்பங்களைச் சாய்ப்பது ‘போதிய பேக்கிங் இல்லை’ என்ற காரணம். ‘கவனம், கண்ணாடி’ என்று சிவப்பில் எழுதி ஒட்டினால் மெதுவாகக் கையாளுவார்கள் என்று நம்புகிறோம். பெட்டியைத் தூக்கிப்போடும் கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது. நான்கு பக்கமும் மேலும் கீழும் இரண்டு அங்குலமாவது மெத்தை இருந்து, பெட்டியை ஆட்டினால் உள்ளே அசையாமல் இருந்தால்தான் அது பேக்கிங். என் லென்ஸைச் சுற்றியிருந்தது இரண்டு தாள் செய்தித்தாள். சீட்டில் 300 என்றே எழுதியிருந்தாலும் அந்தச் செய்தித்தாள் என்னைக் கவிழ்த்திருக்கும் என்று பின்னாளில் புரிந்தது.

இன்னொரு கண்ணி, பாதிக்கு மட்டும் காப்பீடு எடுப்பது. 300 பெறுமானமுள்ள பொருளுக்கு 150-க்கு எடுத்துவிட்டு, 100-க்குச் சேதம் வந்தால் 100 முழுதும் கிடைக்கும் என்று தோன்றும். 150-க்குள்தானே? ஆனால் பல பாலிசிகளில் பாதி காப்பீடு என்றால் பாதி நஷ்டம்தான், 50 தருவார்கள். மீதிப் பாதிக்கு நீங்களே உங்கள் காப்பீட்டாளர் என்பது அவர்கள் வாதம்.

நேரம் முக்கியம். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்தைப் பற்றிய புகார் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும். கூரியர்களின் நிபந்தனைகளில் இதைவிடக் குறைந்த கெடுவும் இருக்கலாம். வெளிப்பெட்டியில் அடி தெரிந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே அதை எழுதிவிட வேண்டும். பெட்டி, பஞ்சு, டேப் எதையும் எறியக் கூடாது, வந்து பார்க்கிறோம் என்பார்கள். பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து வையுங்கள், முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம் அந்தக் குறுஞ்செய்தி. ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, சிறு தொகை கட்டவும்’ என்று ஒரு இணைப்போடு வரும். நீங்கள் உண்மையிலேயே ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தால் விரல் தானாகப் போய்விடும். அஞ்சல் பார்சல் என்றால் எண்ணுக்கு ஒரு வடிவம் உண்டு: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் காட்டும் இரண்டு எழுத்து. தொடக்க எழுத்து ஆர் என்றால் பதிவு, வி என்றால் காப்பீடு, ஈ என்றால் விரைவு அஞ்சல், சி என்றால் பார்சல். ஒன்பதாவது இலக்கம் சும்மா வருவதில்லை. முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் வருவது. 12345678 என்றால் கூட்டல் 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது 5. (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5.) போலி எண்கள் பல இந்தக் கணக்கில் விழுந்துவிடும். அதைவிடச் சுலபம், செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல் அஞ்சல் துறையின் பக்கத்தில் நீங்களே எண்ணைத் தட்டிப் பார்ப்பது. நான் கணக்குப் போட்டே பார்த்தேன், அது ஒரு நோய்.

இரண்டாவது லென்ஸை வேறொருவரிடம் வாங்கினேன். அவரும் அதே கேள்வியைக் கேட்டார், அதே அன்போடு. வேண்டாம், கொடுத்த விலையையே போடுங்கள், பெயரை முழுதாக எழுதுங்கள், முழு மதிப்புக்கு இன்சூரன்ஸ் எடுங்கள் என்றேன். வரி வந்தது, கூரியர் கட்டணமும் வந்தது, இரண்டும் சேர்ந்து வலித்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கூரியர் ஊழியர் காத்திருக்க, கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘மூலை நசுங்கியுள்ளது’ என்று எழுதினேன். அவர் கண்டுகொள்ளவில்லை. உள்ளே லென்ஸ் பத்திரமாக இருந்தது. இன்சூரன்ஸ் பணம் வீண்.

உடைந்த பழையது பல மாதம் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவிக்கொண்டிருந்தது. பிறகு வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு லென்ஸ் ரிப்பேர்காரர், உதிரிபாகங்களுக்காக எடுத்துக்கொள்கிறேன் என்றார். பின்கண்ணாடி நன்றாக இருக்கிறதாம், அபர்ச்சர் இதழ்களும். விலை பேசி, பஞ்சு சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டு அஞ்சல் நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் பச்சைச் சீட்டைக் கொடுத்தார்கள். ‘விற்பனை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ‘கேமரா லென்ஸ், பழையது, உடைந்தது, 1’ என்று எழுதினேன். மதிப்பு என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அவர் எனக்குக் கொடுத்திருந்த விலை 20.

எழுதினேன்.